பின்சீட் இல்லாத வண்டி: அத்தியாயம் 7, மஞ்சள் குறி

அந்த வாரம் அந்த வீட்டில் அம்மாவும் மகனும் மருமகள் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

"கரண்ட் பில் கட்டியாச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிடு."

"சட்டை அயர்ன் பண்ணி மாட்டியிருக்குன்னு உன் புருஷன்கிட்ட சொல்லிடும்மா."

மூன்று பேரும் ஒரே மேஜையில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் இந்தத் தபால் பட்டுவாடா. புதன்கிழமை காலையில் மருமகள் பெரிய கும்பிடாகப் போட்டு, "நான் இந்த வேலையை விட்டுட்டேன், இனிமே நேர்ல பேசிக்கோங்க" என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு அந்தப் பேச்சும் நின்றுபோனது.

எல்லாம் இரண்டே சீட் உள்ள ஒரு காரால் வந்த வினை.

முப்பத்தொரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டிவிட்டுப் போன மாதம் ஓய்வுபெற்ற அம்மா, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், தண்ணீர் கேட்கிற குரலில் விஷயத்தைச் சொன்னாள். ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போகிறாள். ஒன்பது வருஷப் பழசு. பின்சக்கரங்கள் தள்ளி ஓடுகிற வண்டி. சனிக்கிழமை ஓட்டிப் பார்க்க நாளும் குறித்தாகிவிட்டது.

"ஏம்மா, மூணாவது ஆள் ஏற முடியாத வண்டி எதுக்கு?" என்று கேட்டான் மகன்.

"அதுக்குத்தாண்டா" என்றாள் அம்மா. "முப்பத்தொரு வருஷம் என் முதுகுக்குப் பின்னாடி அறுபது பேர். தும்மல் வந்தாக்கூட அவங்களை நெனச்சு அடக்கிக்கணும். இனிமே பின்சீட்டே இல்லாத வண்டிதான் எனக்கு வேணும்."

இதைக் கேட்டதும் மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. மகனுக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது.

அவனையும் குறை சொல்வதற்கில்லை. அவன் தொழில் அப்படி. அவன் சர்வேயர். நிலம் அளக்கிற சர்வேயர் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலித் தகராறோடு வந்து நிற்பார்கள். அவன் வேலை வேறு. மோதி நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, எது போயிற்று, எதை மாற்ற வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கிறவன். பன்னிரண்டு வருஷ சர்வீஸில் நல்லபடியாக இருக்கிற வண்டி ஒன்றைக்கூட அவன் ஆபீஸ் நேரத்தில் பார்த்ததில்லை. உலகத்தில் ஓடுகிற வண்டிகளெல்லாம் அவனுக்கு இன்னும் மோதாத வண்டிகள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமையே அவன் ஒரு ஃபைல் தயார் செய்தான். தான் பார்த்த இந்த ரக வண்டிகள் பதினொன்று. பதினொன்றும் ஈர ரோட்டில் பின்பக்கம் வழுக்கி, பம்பரமாகச் சுற்றி, எதிலோ போய் இடித்தவை. ஆபீஸ் விதிப்படி நம்பர் பலகை தெரியாமல் பட்டையாகத் தாள் ஒட்டி, படங்களை நகல் எடுத்து, அம்மாவின் தலையணைமேல் வைத்துவிட்டு வந்தான்.

செவ்வாய்க்கிழமை ஃபைல் அவன் மேஜைக்குத் திரும்பி வந்தது. ஒவ்வொரு படத்தின் கீழும் பென்சிலில் அம்மாவின் கையெழுத்து. 'டயர் மொட்டை.' 'இதுவும் மொட்டை.' ஏழாவது படத்தில் ஒரு வெள்ளி நிற வண்டி, பின்சக்கரத்துக்கு மேலே வளைந்த இரும்பில் மஞ்சளாக ஒரு குறி. அதன் கீழே, 'டயர் நன்று. ஓட்டியவன் சரியில்லை.' கடைசிப் பக்கத்தில் தீர்ப்பு: 'பதினொன்றில் ஒன்பது பேருக்கு டயர் மொட்டை. மீதி இரண்டு பேருக்குப் புத்தி மொட்டை. பாவம், வண்டி என்ன செய்யும்?'

சனிக்கிழமை விடிந்தபோது நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஜன்னல் வழியாகப் பளபளத்த ரோட்டைப் பார்த்ததும் அவனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இனி அம்மாவே பயந்து, போவதைக் கைவிட்டுவிடுவாள் என்று நினைத்தான்.

அம்மா ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே நேராக அவனைப் பார்த்துப் பேசினாள். ஆறு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

"மழை பேஞ்சது நல்லதாப் போச்சு. காஞ்ச ரோட்டுல எல்லா வண்டியும் நல்ல பிள்ளைதான்."

"நானும் வரேன்."

"உன்னை யாரு கூப்பிட்டா?"

"செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கறப்ப சர்வேயர் வேண்டாமா?"

"ஃபீஸ் என்ன?"

"நீ அந்த வண்டியை வாங்கலைன்னா இலவசம்."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கைப்பையை எடுத்தாள். சமையலறையிலிருந்து மருமகள், "அத்தை, வண்டி வந்ததும் முதல் ரவுண்டு எனக்கு. இவர் பஸ்ல வரட்டும்" என்று குரல் கொடுத்தாள். வீட்டில் தன் கட்சிக்கு ஒரு ஓட்டுகூட இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

வண்டியை விற்கிறவர் ஒரு பல் டாக்டர். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், தூணுக்கும் சுவருக்கும் நடுவே நின்றது வண்டி. கரும்பச்சை நிறம். குனிந்து பார்த்தால்தான் கதவு எது என்றே தெரியும், அத்தனை குள்ளம். அதைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறிய விதத்தை அவன் கவனித்தான். அப்பாவின் பழைய புகைப்படங்களில் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு அந்த முகம் உண்டு. நேரில் அவன் பார்த்ததே இல்லை.

"எட்டு மாசம் முன்னாடி வாங்கினேன் மேடம்" என்றார் டாக்டர். "முதுகு வலி வந்துடுச்சு. ஏறவும் முடியலை, இறங்கவும் முடியலை. இல்லேன்னா குடுக்கவே மாட்டேன். ஆக்ஸிடென்ட் எதுவும் இல்லைன்னு சொல்லித்தான் எனக்கு வித்தாங்க."

அம்மா பையிலிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்தாள். முழங்கை நீளம். கைபட்டு வழவழத்துப்போன கட்டை. டிப்போவில் ஒவ்வொரு நாள் காலையும் இதை வைத்துக்கொண்டு பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்த பிறகுதான் 'வண்டி சரியாக இருக்கிறது' என்ற தாளில் அவள் கையெழுத்துப் போடுவாள். மற்ற டிரைவர்கள் டீக்கடையில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். இவளைக் கேலியும் செய்வார்கள். ஓய்வுபெறும்போது டிப்போவில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். இந்தக் கட்டையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

டொக். டொக். டொக். டொக்.

"காத்து பாக்கறதுக்கு மீட்டர் இருக்கே மேடம்" என்றார் டாக்டர்.

"இருக்கட்டும் டாக்டர். நீங்க பல்லைத் தட்டிப் பாக்கறதில்லையா?"

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். முதுகைப் பிடித்துக்கொண்டுதான்.

வண்டியில் இரண்டு பேர்தான் போக முடியும் என்பதால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆயில் மாமாவின் ஒர்க்‌ஷாப் வரைக்கும் அம்மாவும் மகனும் இந்த வண்டியில்; டாக்டர் மகனுடைய காரை ஓட்டிக்கொண்டு பின்னால் வருவார். "பிணைக்கைதி மாதிரி உங்க காரை நான் வெச்சுக்கறேன்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் மகன் ஆரம்பித்தான்.

"அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு. முன்சக்கரம் இழுக்கற வண்டி வேற. இதுல பின்சக்கரம் தள்ளுது. திருப்பத்துல ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அதிகமா மிதிச்சாலும் வால் தனியாக் கிளம்பிடும். உனக்கு இது பழக்கமில்லை."

அம்மா சிக்னலில் நிறுத்திவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏண்டா, முப்பத்தொரு வருஷமா நான் ஓட்டின பஸ் எந்தச் சக்கரத்துல ஓடிச்சுன்னு நெனச்சே?"

பஸ்ஸுக்கும் பின்சக்கரம்தான் தள்ளும். பன்னிரண்டு வருஷ அனுபவத்தில் இது ஒரு தடவைகூட அவன் புத்தியில் ஏறவில்லை. பஸ் என்றால் அம்மா ஓட்டுவது, அதில் பயப்பட எதுவும் இல்லை என்று அஞ்சு வயதில் நினைத்ததை அப்படியே நினைத்துக்கொண்டிருந்துவிட்டான்.

"பன்னெண்டு டன்னு எடை. இஞ்சினும் பின்னாடி. மழையில, அறுபது பேரோட. வால் எப்பக் கிளம்பும்னு எனக்குப் பாடம் எடுக்கறான் பாரு" என்று சொல்லிவிட்டு அம்மா கியரைப் போட்டாள்.

அவள் ஓட்டுவதைப் பார்த்து அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. வேகமாக ஓட்டவில்லை. ஆனால் எந்தத் திருப்பத்திலும் பிரேக் போட்டதே தெரியவில்லை. திருப்பம் வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே நுழைந்ததும் காலை மெதுவாக அழுத்தி வெளியே வந்தாள். ஒரு பெரிய ரவுண்டானா வந்தது. ஈரம் காயாத ரோடு. அம்மா ஒரு சுற்று வந்தாள். பாதிச் சுற்றில் அவள் இடது கை ஸ்டீயரிங்கை ஒரு கணம் இறுக்கிப் பிடித்தது. வெளியேற வேண்டிய வழியை விட்டுவிட்டு இன்னொரு சுற்றும் வந்தாள்.

"என்னம்மா, வழி மறந்துட்டியா?"

"ஆசைக்கு ஒண்ணு" என்றாள். பிறகு, கேட்காத கேள்விக்குப் பதில் போல, "நல்லா இருக்கு வண்டி. நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

ஆயில் மாமா அம்மாவின் தம்பி. மெக்கானிக். வண்டிக்கு எந்த வியாதி வந்தாலும் முதலில் ஆயிலை மாற்று என்பார். அதனால் அந்தப் பெயர். மனிதர்களுக்கும் அதே வைத்தியம்தான் சொல்லுவார், அதை விடுங்கள். அக்கா ஸ்போர்ட்ஸ் காரில் வந்து இறங்குவதைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பச்சை வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"அக்கா, இந்த இனத்துக்கு மூணு வியாதி. அடிப்பக்கம் துரு, தண்ணி பம்ப் ஒழுகல், இஞ்சினுக்குள்ள இருக்கற செயின் சத்தம். மூணும் இல்லைன்னா இது உன்னை மாதிரி. வேளாவேளைக்கு ஆயில் ஊத்தினா அம்பது வருஷம் ஓடும்."

"நான் எங்கடா ஆயில் குடிச்சேன்?"

மாமா நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். தையல் மிஷின் ஓடுவது போல் ஒரே சீரான சத்தம். செயினில் குறை இல்லை. தண்ணீர் பம்ப் ஒழுகாமல் காய்ந்து கிடந்தது. பிறகு வண்டியை லிஃப்டில் ஏற்றித் தலைக்கு மேல் தூக்கினார். துருவும் இல்லை.

"பாஸ்" என்றார் மாமா. "என் மருமகன் மூஞ்சியை மட்டும் சரி பண்ண முடியலை. அக்கா, டாக்டர், வாங்க, உள்ள உட்கார்ந்து பேப்பரை முடிச்சுக்கலாம்."

"ரெண்டு நிமிஷம் மாமா. நானும் ஒரு தடவை பாத்துடறேன்" என்றான் மகன்.

அவன் பையில் எப்போதும் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். நீளக் கம்பியின் நுனியில் பொருத்தியது. கண் எட்டாத இடத்தைப் பார்ப்பதற்கு. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "அட, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ஆயுதம்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

அவன் தனியாக வண்டிக்கு அடியில் நின்றான். ஏதாவது ஒரு குறை கிடைக்காதா என்றுதான் தேடினான். மறைப்பானேன், அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு சின்னச் சாக்கு. பின் வலது சக்கரத்தைப் பிடித்து நிற்கும் இரும்புக் கைக்கு மேலே கண்ணாடியை நீட்டினான். அதை ஒர்க்‌ஷாப்பில் 'ஆர்ம்' என்பார்கள். கீழிருந்து பார்க்கையில் அது புத்தம் புதிதாக, கன்னங்கரேலென்று இருந்தது.

கண்ணாடியில் மேல்பக்கம் தெரிந்தது. அங்கே கறுப்புப் பெயிண்ட் இல்லை. மண் படிந்த பழைய இரும்பின்மேல், மஞ்சள் நிறத்தில் ஒரு டிக். டிக்கின் வாலில் இரண்டு புள்ளிகள்.

அவன் கண்ணாடியை இன்னும் அருகே கொண்டுபோனான்.

அது அவனுடைய குறி. இதை மாற்றியே ஆக வேண்டும் என்று அவன் தீர்மானிக்கிற ஒவ்வொரு பாகத்தின்மேலும் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் அவன் போடுகிற குறி. ஒவ்வொரு சர்வேயருக்கும் ஒரு குறி உண்டு. அவனுடையது வாலில் இரண்டு புள்ளி வைத்த டிக். வண்டி ரிப்பேர் முடிந்ததும் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும். குறி போட்ட பழைய பாகம் தனியாகக் கீழே கிடக்க வேண்டும். வண்டியில் புதிது இருக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கையெழுத்து.

குறி இன்னும் வண்டியிலேயே இருந்தது. வளைந்த பாகத்தை மாற்றவில்லை. அடித்து நிமிர்த்தி, பார்வைக்குப் படுகிற பக்கம் மட்டும் கறுப்படித்து, மறுபடி மாட்டிவிட்டார்கள். வண்டிக்கே வேறு நிறமும் அடித்துவிட்டார்கள். இந்த ரகத்தில் அவன் நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது ஒரே ஒரு வண்டிக்கு. அன்றைக்கு அது வெள்ளி நிறம். ஃபைலில் ஏழாவது படம்.

அவன் ஏன் பார்க்கவில்லை?

அது அவனுக்கு நன்றாகவே நினைவிருந்தது. இரண்டு வருஷம் முன்பு. அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்து, புண் சீழ்பிடித்து, ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். அவன் ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. ஒர்க்‌ஷாப்காரர்கள் போனில் படம் அனுப்பினார்கள். புது பாகம் போலத்தான் தெரிந்தது. 'நேரில் பார்த்தேன்' என்று எழுதி, போனிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டான்.

பக்கத்துப் பெஞ்சில் பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணி கிடந்தது. அவன் அதை எடுத்தான். எடுத்தது நிஜம். கையை மேலே நீட்டி, தட்டுத் தடவி, ஒரு தடவை துடைத்தான். கண்ணாடியில் பார்த்தபோது ஒரு புள்ளியைக் காணவில்லை.

உள்ளேயிருந்து அம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. மாமா ஏதோ சொல்லியிருப்பார். அப்பா போன பிறகு அம்மா இப்படி வாய்விட்டுச் சிரித்து அவன் கேட்டதில்லை. அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. துணியைப் போட்டான். ஆனாலும் மனுஷனுக்குத் தைரியம் ஒரே தவணையில் வந்துவிடுவதில்லை. முதலில் அவன் உள்ளே போய்ப் பொய்தான் சொன்னான்.

"அம்மா, இது வேண்டாம். செயின் சத்தம் கேக்குது."

"யார் காதுக்கு?" என்று எழுந்துவிட்டார் மாமா. "நாப்பது வருஷமா ஸ்க்ரூடிரைவரைக் காதுல வெச்சிருக்கேன். எனக்குக் கேக்காதது உனக்குக் கேட்டுச்சா?"

"விடுடா" என்றாள் அம்மா தம்பியிடம். "அவனுக்கு நான் எதை வாங்கினாலும் சத்தம் கேக்கும்." மேஜையில் விற்பனைத் தாள் விரித்திருந்தது. அம்மா பேனா மூடியைக் கழற்றினாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கையெழுத்துப் போட வேண்டிய கோட்டை விரலால் தேடினாள்.

"கையெழுத்துப் போடாதேம்மா."

குரல் உடைந்து வந்தது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பேனாவை மூடினாள். அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் பரீட்சைத் தாளை ஒளித்துவைத்தபோது கேட்டது.

நான்கு பேரும் லிஃப்டுக்கு அடியில் வந்து நின்றார்கள். அவன் கண்ணாடியை நீட்டிப் பிடித்தான். மாமா டார்ச் அடித்தார்.

"அடப்பாவி!" என்றார் மாமா. "இது பழசு. நிமிர்த்தி மாட்டியிருக்கான். கீழிருந்து பாத்து நானே ஏமாந்துட்டேனே. திருப்பத்துல எடை விழறப்ப இது கொஞ்சம் அசைஞ்சாப் போதும், சக்கரம் ஒரு பக்கமாத் திரும்பிக்கும். மழை நாள்ல... என்ன குறி இது? எவன் போட்டது?"

அம்மா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழாவது படம்" என்றாள் மெதுவாக. "அதுல ரெண்டு புள்ளி இருந்துச்சு."

"ஒண்ணை இப்பத்தான் நான் துடைச்சேன்" என்றான் மகன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். எதையும் விடவில்லை. தின்னர் துணியையும் சொன்னான். டாக்டர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "என் பொண்ணு லைசென்ஸ் வாங்கினதே இந்த வண்டியிலதான்" என்றார், யாரிடமும் இல்லாமல். விற்பனைத் தாளை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"கையெழுத்து எங்க உட்கார்ந்து போட்டே?" என்று கேட்டாள் அம்மா.

"ஆஸ்பத்திரியில."

"ஆஸ்பத்திரியில எங்க?"

"உன் தலைமாட்டுல."

அடுக்கிவைத்திருந்த பழைய டயர்கள்மேல் அம்மா போய் உட்கார்ந்தாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலை போல இருந்திருக்கும். முதல் தடவையாக அவள் அறுபது வயதுக்காரியாகத் தெரிந்தாள்.

"வா, உட்காரு" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்தான். கிரீஸ் படிந்த அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரவுண்டானாவுல ரெண்டு சுத்து வந்தேனே, ஆசைக்கா வந்தேன்னு நெனச்சே? முதல் சுத்துலயே வலது பக்கம் பின்னாடி என்னமோ நழுவிச்சு. சீட்டு வழியாத் தெரிஞ்சுது. இன்னொரு தடவை பாத்தேன். மறுபடி நழுவிச்சு."

"ஏம்மா சொல்லலை?"

"சொன்னா வாங்க முடியாதே." அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "எனக்கு அந்த வண்டி வேணும்டா. அவ்வளவு ஆசை. பஸ்ஸா இருந்தா அங்கேயே நிறுத்தி எல்லாரையும் இறக்கி விட்டிருப்பேன். பின்னாடி யாரும் இல்லேங்கற தைரியம். பக்கத்துல நீ உட்கார்ந்திருந்தே, அதைக்கூட நெனைக்கலை பாரு."

அவனுக்கு அழுகை வந்தது. மாமா திரும்பி நின்று, தேவையே இல்லாமல் ஒரு டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"கம்பெனியில சொல்லணும்மா. என் சர்வேயர் லைசென்ஸ் போயிடும்."

"போனாலும் போகும்" என்றாள் அம்மா. போகாது என்று பொய்யாகத் தேற்றவில்லை. "சேர்ந்து போய்ச் சொல்லுவோம். அது இருக்கட்டும். நான் ஆறு நாள் கிடந்தேன். ஆறு நாளும் நீ நகரலை. அந்த ஆறு நாள்ல எத்தனை வண்டிக்குக் கையெழுத்துப் போட்டே?"

இந்தக் கேள்வியைத்தான் அவன் கண்ணாடியில் குறியைப் பார்த்த நிமிஷத்திலிருந்து தனக்குத்தானே கேட்காமல் தள்ளிவைத்துக்கொண்டிருந்தான்.

"நாலு."

"இது ஒண்ணு. மீதி மூணு?"

அவன் போனை எடுத்தான். அந்த வாரத்து அறிக்கைகளைத் தேடி எடுத்தான்.

"ஒரு டாக்ஸி. முன் பம்பரும் விளக்கும். பயமில்லை."

"அடுத்தது?"

"வீட்டு உபயோகக் கார். கதவு ரெண்டும் மாத்தணும். அதுவும் பரவாயில்லை."

மூன்றாவதை அவன் வாசிக்கவில்லை. அம்மா போனை அவன் கையிலிருந்து வாங்கி, மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு தானே வாசித்தாள்.

"பள்ளி வேன். பதினாலு இருக்கை. பிரேக் குழாய் மாற்றப்பட்டது. நேரில் பார்த்தேன்."

மாமாவின் கையிலிருந்த மூடி கீழே விழுந்து உருண்டது.

மகன் அறிக்கையில் இருந்த வேன் உரிமையாளரின் நம்பரை அழுத்தினான். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது போன். இரண்டாவது தடவையும் அதையேதான் சொன்னது.

அம்மா எழுந்துவிட்டாள். பச்சை வண்டி லிஃப்டின்மேல் அப்படியே நின்றது. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து கட்டையை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்ற மகனுடைய காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். டொக். டொக். டொக். டொக். பிறகு டிரைவர் சீட்டில் ஏறிப் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"இன்னிக்கு சனி, நாளைக்கு ஞாயிறு" என்றாள். "ஏறுடா. திங்கட்கிழமை காலையில முதல் பிள்ளை அந்த வேன்ல ஏறறதுக்குள்ள அதைக் கண்டுபிடிச்சாகணும்."